கலவைகளின் இயல்பறிந்த மேதை: சாந்தி சுவரூப் பட்நாகர்



நாம் நாள்தோறும் காணும் பொருள்களுள் பெரும்பாலானவை கலவைகளே ஆகும். நாம் உள்ளிழுக்கும் காற்று ஒரு கலவை. சீனி கலந்து பருகும் தேநீர் ஒரு கலவை. நாசி லெமாவிற்கு மணமூட்டும் தேங்காய்ப் பால் ஒரு கலவை. பெருமழைக்குப் பின் செந்நிறமாய்ப் பெருகிவரும் ஜொகூர் ஆற்று வெள்ளமும் ஒரு கலவையே. ஆயினும் இவை யாவும் ஒரே தன்மை உடையன அல்ல. சில கலவைகள் எத்தனை நாள் வைத்திருந்தாலும் மாறுவதில்லை. சில, சற்று நேரத்திலேயே அடியில் படிந்து பிரிந்துவிடுகின்றன. வேறு சில, ஒரு துளி புளிப்போ ஒரு பிடி உப்போ சேர்ந்த மாத்திரத்தில் கட்டியாக உறைந்துவிடுகின்றன.

இவ்வேற்றுமைகளை நுணுகி ஆராய்ந்தவர் ஒருவர். அவ்வறிவைக் கொண்டு ஒரு பெருந்தொழிலுக்கு நேர்ந்த இடரைத் தீர்த்தவர். அதனால் வந்த பெரும்பொருளைத் தமக்கெனக் கொள்ளாது கல்விக்கே பயன்படச் செய்தவர். அவரே இந்திய நாட்டின் அறிவியல் மேதையாகிய சாந்தி சுவரூப் பட்நாகர் ஆவார். அப்பெரியாரின் வாழ்க்கை வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

பிறப்பும் இளமையும்

பஞ்சாப் மாநிலத்தில், அந்நாளில் ஷாப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த பேரா என்னும் ஊரில் 1894ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 21ஆம் நாள் பட்நாகர் பிறந்தார். அவ்வூர் இன்று பாகிஸ்தான் நாட்டில் உள்ளது. குழந்தை பிறந்த எட்டாம் மாதத்திலேயே தந்தையார் பரமேசுவரி சகாய் இவ்வுலக வாழ்வை நீத்தார். தாயார் தம் மகனை எடுத்துக்கொண்டு, உத்தரப் பிரதேசத்துச் சிக்கந்தராபாத்தில் இருந்த தம் தந்தையார் இல்லத்தை அடைந்தார்.

தந்தையை இழந்த அக்குழந்தைக்குத் தாய்வழிப் பாட்டனாரே தந்தையாகவும் ஆசானாகவும் விளங்கினார். அவர் ஒரு பொறியாளர். அவர் நிழலில் வளர்ந்த சிறுவனுக்குக் கருவிகளைப் பிரித்துப் பார்ப்பதிலும் புதியன செய்து மகிழ்வதிலும் இளமையிலேயே பெருவிருப்பம் உண்டாயிற்று. கவிதை எழுதும் ஆர்வமும் உடன் வளர்ந்தது. அறிவியலும் இலக்கியமும் அவர் உள்ளத்தில் இரு கண்களைப்போல் இறுதிவரை ஒளிவீசின.

பின்னர் லாகூர் நகரம் சென்று, 1911ஆம் ஆண்டில் தயாள் சிங் கல்லூரியில் சேர்ந்தார். அவ்வாண்டிலேயே மின்கலங்களில் பயன்படும் கரித்தண்டுகளுக்கு மாற்றாக, வெல்லப்பாகையும் கரிப்பொருளையும் அழுத்தி வெப்பமூட்டி ஒரு தண்டு செய்யலாம் என்பதைச் செய்தித்தாளுக்குக் கடிதமாக எழுதினார். அப்பொழுது அவருக்கு அகவை பதினேழு! அடுத்து அவர் உருது மொழியில் இயற்றிய கராமாத்தி என்னும் ஓரங்க நாடகம் பரிசு பெற்றது. பின்னர் ஃபோர்மன் கிறித்துவக் கல்லூரியில் பயின்று, 1916இல் இளநிலைப் பட்டமும் 1919இல் வேதியியலில் முதுநிலைப் பட்டமும் பெற்றார்.

இலண்டனில் கற்ற கல்வி

மேற்படிப்பிற்காகத் தயாள் சிங் கல்லூரி அறக்கட்டளை அவருக்கு உதவித்தொகை அளித்தது. அமெரிக்கா செல்வதே அவர் நோக்கம். ஆனால், இலண்டனை அடைந்தபோது அமெரிக்கக் கப்பல்களில் இடம் கிடைக்கவில்லை. முதலாம் உலகப் போர் முடிந்து தாயகம் திரும்பும் அமெரிக்கப் படைவீரர்களால் கப்பல்கள் நிரம்பியிருந்தன. வந்த தடையைக் கண்டு அவர் வருந்தி வாளாவிருக்கவில்லை. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலேயே சேர்ந்து, புகழ்பெற்ற வேதியியல் பேராசிரியர் டானன் அவர்களிடம் மாணவரானார். 1921ஆம் ஆண்டில் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார்.

அங்கு அவர் ஆராய்ந்த பொருள் யாது? எண்ணெயும் நீரும் கலக்கும் கலவைகளே! எண்ணெயும் நீரும் தாமாகக் கலவா என்பதை நாம் அறிவோம். ஆயின், சிறிது சவர்க்காரம் சேர்த்துக் குலுக்கினால் எண்ணெய் நுண்டுளிகளாகச் சிதறி நீரெங்கும் பரவி நிற்கும். கலவை பாலைப்போல் வெண்மையாகத் தோன்றும். ஆதலின் இத்தகைய கலவையைப் பால்மம் என்பர். பாலில் கொழுப்புத் துளிகள் நீருக்குள் மிதக்கின்றன. வெண்ணெயிலோ நீர்த்துளிகள் கொழுப்புக்குள் அடங்கிக் கிடக்கின்றன. பாலும் வெண்ணெயும் பால்மங்களே எனினும், ஒன்றன் அமைப்பு மற்றொன்றன் தலைகீழ் அமைப்பாகும்.

ஒரு பால்மம் இவ்வாறு எப்பொழுது தலைகீழாக மாறுகின்றது? எந்த உப்பைச் சேர்த்தால் மாறுகின்றது? இவ்வினாக்களுக்குப் பட்நாகர் விடை தேடினார். கலவையினூடே மின்சாரத்தைச் செலுத்தி அவர் சோதித்தார். நீர் வெளியிலும் எண்ணெய் உள்ளேயும் இருப்பின் மின்சாரம் எளிதிற் பாயும். எண்ணெய் வெளியிலும் நீர் உள்ளேயும் இருப்பின் பாயாது. கண்ணால் காணவொண்ணாத நுண்டுளிகளின் அமைப்பை இங்ஙனம் மின்சாரம் காட்டிக்கொடுத்தது. கலவையில் சேரும் உப்பு சிறிதே எனினும், அஃது அக்கலவையின் இயல்பையே மாற்றவல்லது என்னும் உண்மை அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

கலவைகள் மூவகை

மாணவர்களே! பட்நாகர் பின்னாளில் ஆற்றிய அருஞ்செயலை நாம் விளங்கிக்கொள்ள வேண்டுமாயின், கலவைகளின் மூவகையையும் முதலில் அறிதல் வேண்டும்.

முதலாவது கரைசல். நீரில் சீனியையோ உப்பையோ இட்டுக் கலக்கினால் அது கரைந்து கண்ணுக்கு மறைந்துவிடும். அதன் துகள்கள் மிக மிக நுண்ணியவை; ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் வரும் ஒரு கூறாகிய நானோமீட்டர் அளவினவே. வடிதாளில் ஊற்றினால் சீனி தங்காது நீரோடு வழிந்துவிடும்.

இரண்டாவது தொங்கல். மண்ணையோ சுண்ணாம்புத் தூளையோ நீரில் கலக்கினால் துகள்கள் சிறிது நேரம் தொங்கி நின்று, பின் அடியில் படிந்துவிடும். இத்துகள்கள் பெரியவை, ஆயிரம் நானோமீட்டருக்கும் மிகுந்தவை. வடிதாள் இவற்றைத் தடுத்துவிடும்.

மூன்றாவது கூழ்மம். இதன் துகள்கள் மேற்கண்ட இரண்டிற்கும் இடைப்பட்டவை. கரைசலைப்போல் கரைவதுமில்லை, தொங்கலைப்போல் படிவதுமில்லை. ஸ்காட்லாந்து நாட்டு வேதியியலறிஞர் தாமஸ் கிரஹாம் என்பவரே 1861ஆம் ஆண்டில் இவ்வகைக்குப் பெயரிட்டார். பசை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அப்பெயரை அமைத்தார். தமிழில் நாம் கூழ் என்னும் சொல்லிலிருந்து கூழ்மம் என்று வழங்குகின்றோம். மேலே கூறிய பால்மமும் கூழ்மத்தின் ஒரு வகையே ஆகும்.

இவற்றை வேறுபடுத்தி அறிய எளிய வழி ஒன்று உண்டு. மூன்று கண்ணாடிக் குவளைகளில் நீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் சீனியைக் கரையுங்கள். மற்றொன்றில் சில துளி பால் விடுங்கள். மூன்றாவதில் சிறிது மண்ணைக் கலக்குங்கள். பின்னர் இருட்டறையில் ஒரு பக்கமிருந்து கைவிளக்கின் ஒளியைச் செலுத்துங்கள். சீனி நீரில் ஒளி சென்ற வழி புலப்படாது. பால் கலந்த நீரிலோ ஒளிக்கற்றை ஒரு கோடுபோல் தெளிவாகத் தெரியும். கூழ்மத் துகள்கள் ஒளியைச் சிதறச் செய்வதே இதற்குக் காரணம். மண் கலந்த நீரிலும் முதலில் ஒளி சிதறும். ஆனால், குவளையை அசையாமல் வைத்திருந்தால் மண் அடியில் படியத் தொடங்குவதைக் காணலாம்.

கூழ்மத் துகள்கள் ஏன் அடியில் படிவதில்லை? அவை மிகச் சிறியவை என்பது ஒரு காரணம். அத்துகள்கள் யாவும் ஒரே வகை மின்னேற்றம் பெற்றிருப்பது மற்றொரு காரணம். ஒரே வகை மின்னேற்றம் உடையவை ஒன்றையொன்று விலக்கும் அல்லவா? ஆதலால் அவை தம்முள் ஒட்டாமல் விலகி விலகி மிதக்கின்றன. அமிலமோ உப்போ சேர்ந்தால் அவ்விலக்கம் குன்றும். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும், கூழ்மம் உறையும்.

இவ்வுண்மையை ஜொகூர் வாழ் தமிழர்கள் நூல்களைப் படிக்காமலேயே கைப்பழக்கத்தில் அறிந்திருந்தனர். குளுவாங், சிகாமட் முதலிய வட்டாரங்களில் நம் பாட்டன் பாட்டிமார் விடியுமுன் எழுந்து வெட்டியெடுத்த ரப்பர்ப் பால் ஒரு கூழ்மமே! அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ரப்பர். எஞ்சியதில் பெரும்பகுதி நீர். அதில் ஃபார்மிக் அமிலத்தை அளவாகச் சேர்த்தால், துகள்கள் திரண்டு வெண்ணிறக் கட்டியாக உறையும். உறையாமல் காக்க வேண்டுமாயின் அம்மோனியா சேர்ப்பர். இன்று பல தோட்டங்களில் ரப்பர் மரங்களுக்கு மாறாகச் செம்பனை மரங்கள் நிற்பினும், அம்முன்னோர் கைகள் அறிந்த வேதியியல் நாம் மறக்கத்தகாத ஒன்றாகும்.

எண்ணெய்க் கிணற்றில் எழுந்த இடர்

இனிப் பட்நாகரின் வரலாற்றிற்குத் திரும்புவோம். 1921ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் தாயகம் திரும்பிய அவர், காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டுகள் பேராசிரியராகப் பணியாற்றினார். அப்பல்கலைக்கழகத்தின் கீதத்தை இயற்றியவரும் அவரே. பின்னர் லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் ஆய்வுக்கூட இயக்குநராகப் பொறுப்பேற்றார். அங்கு, கரும்புச் சக்கையிலிருந்து மாட்டுத் தீவனம் செய்யும் முறை ஒன்றைச் சர் கங்கா ராம் என்னும் பெருமகனாருக்காக வகுத்தளித்தார். அறிவியல் ஏட்டளவில் நின்றுவிடாது மக்களுக்குப் பயன்பட வேண்டும் என்பதே அவர் கொள்கை.

அக்காலத்தில் இராவல்பிண்டியில் அட்டோக் எண்ணெய்க் குழுமம் நிலத்தைத் துளைத்து எண்ணெய் எடுத்துவந்தது. நிலத்தை ஆழமாகத் துளைக்கும்போது, களிமண்ணை நீரில் கலந்த சேற்றைக் குழாய் வழியே உட்செலுத்துவர். அச்சேறு துளைக்கும் கருவியைக் குளிரச் செய்யும். நொறுங்கிய பாறைத் துண்டுகளை மேலே சுமந்துவரும். ஆதலின் சேறு எப்பொழுதும் இளகி ஓடிக்கொண்டே இருத்தல் வேண்டும்.

ஆனால், நிலத்தடியில் உப்புப் படிவங்களைத் தொட்டவுடன் அச்சேறு இறுகிக் கெட்டிப்படத் தொடங்கியது. நேரம் செல்லச் செல்ல மேலும் இறுகியது. கருவி அசைய மறுத்தது, வேலை நின்றது. இயந்திர வல்லுநர்களால் தீர்க்கவியலாத அவ்விடரைத் தீர்க்குமாறு குழுமத்தார் பட்நாகரை நாடினர்.

பிசின் செய்த விந்தை

மற்றவர்கள் அதனை இயந்திரத்தின் கோளாறாகக் கருதினர். பட்நாகரோ அதனைக் கலவையின் இயல்பாகக் கண்டார். களிமண் சேற்றில் பருமனான துகள்களும் உண்டு. கூழ்ம அளவிலான நுண்டுகள்களும் உண்டு. அந்நுண்டுகள்கள் எதிர்மின்னேற்றம் பெற்று ஒன்றையொன்று விலக்கி நிற்பதனாலேயே சேறு இளகி ஓடுகின்றது. உப்பு கலந்தவுடன் விலக்கம் நீங்குகின்றது. துகள்கள் ஒட்டித் திரண்டு இறுகுகின்றன. அமிலம் பட்ட ரப்பர்ப் பால் உறைவதும் இவ்வாறே. ஆறு கடலைச் சேருமிடத்தில், கடல்நீரின் உப்புப் பட்டு வண்டல் திரண்டு படிவதும் இதனைப் போன்றதே. நம் ஜொகூர்க் கடலோரத்தில் கண்டல் மரங்கள் வேரூன்றி நிற்கும் சேற்று நிலங்கள் உருவாக இதுவும் ஒரு காரணமாகும்.

நோயின் காரணம் தெரிந்தது, மருந்து யாது? விலையுயர்ந்த பொருள் எதனையும் அவர் தேடவில்லை. மரத்திலிருந்து வடியும் நாட்டுப் பிசினைச் சேற்றில் கலக்கச் செய்தார். பிசின் களிமண் துகள்களைப் போர்வைபோல் சூழ்ந்து காத்தது. உப்பு அவற்றைத் திரளச் செய்ய இயலவில்லை. சேற்றின் பாகுத்தன்மையும் குறைந்து அஃது எளிதாக ஓடியது. நின்றுபோன வேலை மீண்டும் நடைபெறலாயிற்று.

இவ்விந்தை நம் முன்னோர்க்கு முற்றிலும் புதியதன்று. பண்டைக்காலத்தில் விளக்குக் கரியை நீரில் குழைத்து மை செய்தோர் அதனுடன் பிசினையும் சேர்த்தனர். பிசின் இன்றேல் கரி அடியில் படிந்துவிடும். பிசின் இருப்பின் மை ஒரே சீராக நிற்கும். பழைய கைத்தொழில் அறிவில் உறைந்திருந்த உண்மையைப் பட்நாகர் புதிய அறிவியலின் துணையால் விளங்கிக்கொண்டு, உரிய இடத்தில் உரிய முறையில் பயன்படுத்தினார்.

பொருளினும் பெரிது கல்வி

பட்நாகரின் வெற்றி கண்டு மகிழ்ந்த இலண்டன் ஸ்டீல் சகோதரர் நிறுவனத்தார், எண்ணெய் குறித்த ஆராய்ச்சிக்கென ரூபாய் 1,50,000 வழங்க முன்வந்தனர். அந்நாளில் அஃது எவரையும் மயக்கும் பெருந்தொகையாகும். தந்தையை இழந்து, பாட்டனார் ஆதரவிலும் உதவித்தொகையாலும் கற்று முன்னேறியவர் பட்நாகர். தம் ஆராய்ச்சியால் வரும் பொருளைத் தமக்கென அவர் பெற்றிருப்பினும் குறைகூறுவார் இல்லை. ஆனால், அவர் அவ்வாறு செய்யவில்லை. அத்தொகை பல்கலைக்கழகத்தின் வழியாகவே செலவிடப்பட்டது. அதனைக்கொண்டு எண்ணெய் ஆராய்ச்சித் துறை ஒன்று அங்கு நிறுவப்பெற்றது. மெழுகின் நாற்றத்தை நீக்குதல், மண்ணெண்ணெய் விளக்கின் சுடரை உயர்த்துதல் முதலிய ஆய்வுகள் அங்கு நடைபெற்றன. இளம் மாணவர் பலர் ஆராய்ச்சி செய்யும் வாய்ப்பைப் பெற்றனர்.

பேரறிஞர் மேகநாத் சாகா 1934ஆம் ஆண்டில் பட்நாகருக்குக் கடிதம் எழுதி, அவருடைய தன்னலமற்ற செயலால் பல்கலைக்கழக ஆசிரியர்களின் மதிப்பே மக்களிடையே உயர்ந்ததெனப் பாராட்டினார். பிசின் ஒரு சேற்றை இறுகாமல் காத்தது. பட்நாகரின் ஈகையோ ஓர் ஆய்வுக்கூடத்தையே வாழவைத்தது.

ஆய்வுக்கூடங்களின் தந்தை

1928ஆம் ஆண்டில் பட்நாகர், மாத்தூர் என்னும் அறிஞருடன் இணைந்து பொருள்களின் காந்தப் பண்பை நுட்பமாக அளக்கும் தராசு ஒன்றை உருவாக்கினார். அதனை இலண்டன் நிறுவனம் ஒன்று செய்து விற்பனைக்குக் கொணர்ந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இந்திய அரசு அவரைத் தொழிலாராய்ச்சிப் பணிக்கு அழைத்தது. நச்சுப் புகையைத் தடுக்கும் துணி, எளிதில் உடையாத கொள்கலன்கள், தாவர எண்ணெய்க் கலவைகள் முதலியன அவர் தலைமையில் உருவாயின. 1942ஆம் ஆண்டில் அறிவியல், தொழில் ஆராய்ச்சி மன்றம் தோன்றியது. அதன் முதல் தலைமை இயக்குநர் பட்நாகரே. 1943இல் இலண்டன் அரச கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்து சிறப்பித்தது.

இந்தியா விடுதலை பெற்றபின், நாடெங்கும் ஆய்வுக்கூடங்கள் அமைக்கும் பணியில் அவர் ஓயாது உழைத்தார். புனே நகரில் தேசிய வேதியியல் ஆய்வுக்கூடமும், புதுதில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடமும் 1950இல் திறக்கப்பெற்றன. தமிழகமும் அவர் பணியால் பயன் பெற்றது. சென்னையில் தோல் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. காரைக்குடியில் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அமைய, வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்கினார். 1948இல் அடிக்கல் நாட்டப்பெற்ற அந்நிலையம் 1953இல் திறக்கப்பெற்றது. அறிஞரின் முயற்சியும் வள்ளலின் கொடையும் ஒன்றுசேர்ந்தால் விளையும் பயன் எத்துணைப் பெரிது!

1946ஆம் ஆண்டில் அன்பு மனைவியார் லாஜ்வந்தி மறைந்தது அவருக்குப் பெருந்துயரம் விளைவித்தது. அவர் இயற்றிய உருதுக் கவிதைத் தொகுப்பு அவ்வம்மையாரின் பெயரையே தாங்கி வெளிவந்தது. 1954இல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருதளித்துப் போற்றியது. 1955ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல் நாள், மாரடைப்பால் அவர் புகழுடம்பு எய்தினார். தலைசிறந்த அறிவியலறிஞர்களுக்கு 1958ஆம் ஆண்டு முதல் அவர் பெயரால் விருது வழங்கப்பெறலாயிற்று.

நாம் கற்கும் பாடம்

மாணவச் செல்வங்களே! கரைசல், கூழ்மம், தொங்கல் என்னும் மூன்று சொற்களைத் தேர்வுக்காக மனனம் செய்வதோடு நம் கல்வி முடிந்துவிடலாகாது. ஒரு கலவை எவ்வகையைச் சார்ந்தது என்று அறிந்தால், அது நிலைப்பதற்கும் கெடுவதற்கும் உரிய காரணத்தை அறியலாம். காரணத்தை அறிந்தால், இடர் வந்துழி அதனைத் தீர்க்கும் வழியையும் காணலாம். சேற்றையும் பிசினையும் நம்மில் யார்தான் கண்டதில்லை? கண்டதோடு நில்லாது, ஏன் என்று வினவியவரே பட்நாகர்.

வினவிப் பெற்ற அறிவால் வந்த செல்வத்தை அவர் தமக்கென அடைத்து வைக்கவில்லை. பின்வரும் மாணவர்களுக்குப் பயன்படுமாறு செய்தார். நீங்களும் வீட்டிலும் பள்ளியிலும் காணும் பொருள்களை உற்றுநோக்குங்கள். ஏன், எப்படி என்று வினவுங்கள். ஆசிரியர்களிடம் கேட்டுத் தெளியுங்கள். கற்றதைப் பிறர்க்குப் பயன்படுத்துங்கள். நம் ஜொகூர்த் தமிழ்ப்பள்ளிகளிலிருந்தும் பட்நாகரைப் போன்ற அறிஞர்கள் தோன்றி, வீட்டிற்கும் நாட்டிற்கும் நன்மை விளைப்பாராக!

வாழ்க அறிவியல்! வளர்க தமிழ்க்கல்வி!